கண்டவரும் விண்டவரும்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோவிலின் தலபுராணத்துக்குள் ஒரு செய்தியாளர் ஒளிந்திருக்கிறார். புன்னைவனத்துக்குக் காவல் நின்ற அவரைக் காவற்பறையன் என்று புராணம் அழைக்கிறது. புற்றை வெட்டும்போது பாம்பின் வால் அறுபட்டதையும் அங்கே லிங்கம் இருந்ததையும் முதலில் கண்டவர் அவர்தான். ஓடிப்போய் உக்கிரபாண்டியனிடம் சொன்னார். பாண்டியன் வந்து பார்த்தான், கோவில் எழுந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் இந்தக் கோவிலைக் கட்டியது யார் என்று கேட்டால் பாண்டியன் பெயர் வரும். செய்தி கொண்டுபோனவரின் பெயர் வராது. பார்த்த வேலையும் பிறந்த சாதியும் சேர்ந்த ஓர் அடையாளம்தான் அவரைப் பற்றிப் பெரும்பாலும் நமக்கு மிஞ்சியிருப்பது.

கண்டவர் ஒருவர், ஊருக்கு விண்டவர் இன்னொருவர். நம் காலத்துச் செய்தித் தொழிலிலும் இந்தப் பிரிவினை குலையவில்லை. தொலைக்காட்சியில் அது இன்னும் கெட்டிப்பட்டது என்றே சொல்லலாம். அச்சில் எழுத்து மட்டும்தான் தெரியும். திரையில் முகமும் நிறமும் உச்சரிப்பும் சேர்ந்து தெரியும்; யாருடைய முகம் செய்தி சொல்லத் தகுந்தது என்று ஒரு சமூகம் நினைக்கிறதோ, அந்த நினைப்பும் சேர்ந்தே தெரியும்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் நீலமாக நிற்கும். புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று அடிவாரத்து ஊர்களைத் தாண்டினால் பளியர்கள் வாழும் மலைச்சரிவுகள். தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்து வாழ்ந்த மக்கள். வாசுதேவநல்லூருக்கு மேற்கே தலையணைப் பக்கம் அவர்களுடைய குடியிருப்பு உண்டு. வடக்கே திருவில்லிபுத்தூர் மலை 2021இல் புலிகள் காப்பகம் ஆனது. மலையைப் பற்றிய செய்திகள் நம் வீட்டுத் தொலைக்காட்சியில் வராமல் இல்லை: காட்டுத்தீ, யானை, அருவியில் திடீர் வெள்ளம், சாலையில்லாததால் டோலி கட்டித் தூக்கிவரப்பட்ட கர்ப்பிணி. ஆனால் பளியர் ஒருவர் மைக்கைப் பிடித்து அந்தச் செய்தியைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

மலையில் பிறந்த ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆவதற்கு எது தடை? ஆகிவிட்டால் அவர் எதை மாற்ற முடிகிறது, எதை முடியவில்லை? ஒடிசாவில் ஒரு பெண், சத்தீஸ்கரில் ஓர் இளைஞர், ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய தொகுப்பாளர் என மூன்று வாழ்க்கைகளை வைத்து இந்தக் கேள்வியைத் தொடர்ந்து பார்க்கலாம்.

மலைக்குப் போகாத மைக்

முதலில் தொழிலின் கணக்கு. சிறு நகரங்களில் செய்திச் சேனல்களுக்கு வேலை பார்ப்பவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். ஸ்ட்ரிங்கர் என்பார்கள், பகுதிநேர நிருபர் என்பார்கள். ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. கேமரா, பைக், பெட்ரோல், இணையம் எல்லாம் அவரவர் பாடு. சேனல் தருவது பெரும்பாலும் மைக்கில் மாட்டும் லோகோதான். தாலுகா அலுவலக முற்றுகை, விசைத்தறித் தொழிலாளர் கூலிப் பேச்சுவார்த்தை, பூச்சந்தை விலை என்று ஒரே காலையில் மூன்று விஷுவல் எடுத்து அனுப்பிவிடலாம். மலையேறினால் ஒரு பகல் போய்விடும். சென்னை டெஸ்க் அதைக் கீழே ஓடும் ஒரு வரியாக்கலாம், போடாமலும் விடலாம். மலைச் செய்தி குறைவதற்கு ஒதுக்கும் மனம் ஒரு காரணம் என்றால் பெட்ரோல் விலையும் ஒரு காரணம். இரண்டும் கைகோத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலுக்கு என்ன விலை என்பதைத் தமிழ்நாடு அறியும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்புணரப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, கிணற்றுத் தண்ணீர்கூடப் பாழாக்கப்பட்டது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் போய்ப் பார்த்து வெளியே சொல்லும்வரை நாடு அறியவில்லை. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. இடையில் ஓடியது முப்பத்தோரு ஆண்டு.

சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரலில். வாச்சாத்தி நடந்தபோது தமிழில் தனியார் கேமரா கிடையாது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கேமரா வந்த பிறகு நடந்ததும் நினைவிருக்கிறது. காட்டுக்குள் போன கேமரா வீரப்பனின் மீசையைப் படம்பிடித்துத் திரும்பியது. தமிழகமே உட்கார்ந்து பார்த்தது. அதே காட்டின் ஓரத்து ஊர்களில், அவரைத் தேடிய அதிரடிப்படையின் முகாம்களில் சிதைந்தவர்களின் வாக்குமூலத்தைக் கேட்க, 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைக்க வேண்டியிருந்தது. காடு படமானது. காட்டில் குடியிருந்தவர்களின் வாய்ச்சொல் விசாரணைக் கோப்புக்குள் போய்ச் சேர்ந்தது.

டெஸ்க்கில் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. 2006இல் அனில் சமடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் மூவரும் டெல்லியில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்த 315 மூத்த பத்திரிகையாளர்களைக் கணக்கெடுத்தார்கள். தலித் ஒருவரும் இல்லை, பழங்குடி ஒருவரும் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் நடத்திய ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை பூஜ்யம். பதின்மூன்று ஆண்டுகளில் செய்திச் சேனல்கள் பெருகின, கேமரா கைபேசிக்குள் நுழைந்தது, பூஜ்யம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பழங்குடிகள் 8.6 சதவீதம், பத்துக் கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டு லட்சம்.

மல்கான்கிரியில் ஒரு நிருபர்

ஒடிசாவின் தென்கோடியில், ஆந்திராவும் சத்தீஸ்கரும் தொட்டுக்கொள்ளும் மூலையில் இருக்கிறது மல்கான்கிரி. 1992இல் கோராபுட்டிலிருந்து பிரிந்த மாவட்டம். தலைநகர் புவனேஸ்வரிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல். மக்களில் பாதிக்கு மேல் பழங்குடிகள். 2011இல் எழுத்தறிவு 48.5 சதவீதம். பலிமேலா நீர்த்தேக்கம் நிரம்பியபோது 151 கிராமங்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் துண்டுபட்டன. 'கட் ஆஃப்' என்பதே அந்தப் பகுதியின் பெயரானது. 2018 ஜூலையில் குருப்பிரியா பாலம் திறக்கும்வரை அக்கரைக்குப் படகுதான்.

இந்த மாவட்டத்து செர்பள்ளி கிராமத்தில் கோயா சமூகத்தில் பிறந்தவர் ஜெயந்தி புருடா. கோயா என்றதும் தமிழ் வாசகர் ஒரு கணம் நிற்க வேண்டும். கோயா, கோண்டி, கூவி, குருக் எல்லாம் திராவிட மொழிகள். நம் மொழிக்குப் பங்காளி முறை. அந்தக் குடும்பத்தில் பெரிய வீடு கட்டி அச்சும் திரையும் வாங்கியவர்கள் நான்கைந்து பேர். மற்றவர்கள் காட்டிலேயே நின்றுவிட்டார்கள். நம் சொந்தக்காரர் ஒருவர் திரைக்கு வந்த கதையாகவும் இதைப் படிக்கலாம்.

கோராபுட்டிலுள்ள ஒடிசா மத்தியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்த ஜெயந்தி, கலிங்கா டிவிக்கு மல்கான்கிரி நிருபரானார். அந்த மாவட்டத்திலிருந்து செய்தித் தொழிலுக்கு வந்த முதல் பழங்குடிப் பெண் என்று அறியப்படுகிறார். அவருக்கு முன்னால் மல்கான்கிரி தொலைக்காட்சியில் வந்த சந்தர்ப்பங்களைப் பார்த்தால் அவர் வருகையின் பொருள் விளங்கும். 2008இல் பலிமேலாவில் மாவோயிஸ்டு எதிர்ப்புப் படையான கிரேஹவுண்ட்ஸின் படகு தாக்கப்பட்டபோது கேமராக்கள் வந்தன. 2011இல் மாவட்ட ஆட்சியர் வினீல் கிருஷ்ணாவை மாவோயிஸ்டுகள் கடத்தியபோது வந்தன. 2016இல் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மூளை பாதிப்பால் செத்தபோது வந்தன. வந்தவர்களுக்குத் தங்கும் விடுதியும் மொழிபெயர்ப்பாளரும் தேவைப்பட்டன. செய்தி முடிந்ததும் போனார்கள்.

குழந்தையைப் பறிகொடுத்த தாய் கோயாவில் சொல்கிறாள், துணைக்கு வந்தவர் ஒடியாவில் சொல்கிறார், நிருபர் அதைச் சுருக்குகிறார், டெஸ்க் தலைப்பாக்குகிறது. நான்கு கை மாறியதில் மிஞ்சுவது அழுகை மட்டும். யார்மீது அவளுக்குக் கோபம், எந்த மருத்துவமனைக்கு எத்தனை முறை நடந்தாள், என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்ற விவரமெல்லாம் வழியில் உதிர்ந்துவிடுகிறது. திரையில் பழங்குடிகள் எப்போதும் அழுபவர்களாகவோ ஆடுபவர்களாகவோ தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அழுகைக்கும் ஆட்டத்துக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாம். வாதத்துக்கு வேண்டும். தாயின் மொழியே நிருபரின் மொழியாக இருந்தால் அவளுடைய வாதமும் திரைக்கு வர வழி பிறக்கிறது.

ஜெயந்தியின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் நிருபரானது அல்ல, அதற்குப் பிறகு செய்தவை. பழங்குடிப் பெண்களின் மாதவிடாய்க்கால உடல்நலத்துக்காகப் 'படா தீதி யூனியன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 'அக்கா சங்கம்' என்று சொல்லலாம். இரண்டு நிமிடச் செய்திக்குள் அடங்காத விஷயத்தை அவர் செய்திக்கு வெளியே எடுத்துப்போனார். அடுத்து 'ஜங்கிள் ராணி': பழங்குடிப் பெண்கள் கையில் கைபேசியைக் கொடுத்து, தங்கள் ஊர்ச் செய்தியைத் தங்கள் மொழியிலேயே படம்பிடித்துச் சொல்லப் பயிற்சி தரும் தளம். 2024இல் ஃபோர்ப்ஸ் இந்தியா தன் பெண் சாதனையாளர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. தான் ஒருத்தி திரையில் தெரிவது போதாது என்று ஒரு நிருபர் முடிவுக்கு வந்ததன் அடையாளமாகவே இதைப் பார்க்கிறேன். ஒருத்தி தெரிந்தால் அது அதிசயம். இருபது பேர் தெரிந்தால்தான் அது வழக்கம்.

கேமரா பிடித்ததற்கு விலை

மல்கான்கிரிக்கு மேற்கே, சத்தீஸ்கரின் தந்தேவாடாவில், லிங்காராம் கோடோபி என்ற இளைஞருக்கு நேர்ந்தது வேறு. சமேலி கிராமத்துக்காரர், பள்ளி ஆசிரியையாக இருந்த சோனி சோரியின் மருமகன் முறை. 2009இல் காவல்துறை அவரைப் பிடித்துவைத்துச் சிறப்புக் காவல் அதிகாரியாகச் சேரும்படி நெருக்கியது. நாற்பது நாள் காவல் நிலையத்தின் கழிப்பறையில் வைத்திருந்தார்கள். ஆட்கொணர்வு மனுவால் வெளியே வந்தவர், நொய்டாவில் ஓர் ஊடகக் கல்லூரியில் இதழியல் படித்தார். 2011 மார்ச்சில் தாட்மெட்லா, மோர்பள்ளி, திம்மாபுரம் கிராமங்களில் ஏறத்தாழ முந்நூறு வீடுகள் எரிந்தபோது, அங்கிருந்தவர்களின் வாக்குமூலங்களைக் கேமராவில் பதிவுசெய்தார். அதே ஆண்டு செப்டம்பரில், எஸ்ஸார் நிறுவனத்திடமிருந்து மாவோயிஸ்டுகளுக்குப் பணம் கொண்டுபோனதாகக் கைதானார். பிணை கிடைக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2022 மார்ச்சில் தந்தேவாடா நீதிமன்றம் அவரையும் சோனி சோரியையும் விடுவித்தது.

டெல்லியிலிருந்து போகும் நிருபரும் தந்தேவாடா அடங்கிய பஸ்தர் பகுதியில் மிரட்டப்படுவதுண்டு. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனமும் திரும்பிப்போக ஒரு வீடும் இருக்கும். உள்ளூர்ப் பழங்குடி நிருபருக்கு வீடே செய்தி நடக்கும் இடத்தில் இருக்கிறது. செய்தி சேகரித்த அதே கிராமத்தில் இரவு தூங்க வேண்டும். காவல்துறை கண்ணில் அவர் மாவோயிஸ்டின் ஆள். மாவோயிஸ்டுகள் கண்ணில் போலீஸின் ஆள். 'நடுநிலை' என்று இதழியல் பாடம் சொல்வது அங்கே இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே நிற்கும் நிலை. பழங்குடிச் செய்தியாளர்கள் ஏன் இல்லை என்று கேட்பவர்கள், இருக்க முயன்றவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உச்சியில் ஒரு நாற்காலி

'இதெல்லாம் ஏழ்மையும் போரும் உள்ள இடத்தின் கதை; பணக்கார நாட்டில், அரசு ஒலிபரப்பின் உச்சி நாற்காலி கிடைத்துவிட்டால் தீர்ந்துவிடும்' என்று ஒருவர் சொல்லலாம். அவருக்குப் பதில் ஸ்டான் கிராண்டின் வாழ்க்கை.

1963 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக் கிரிஃபித் ஊரில் பிறந்தவர் கிராண்ட். தந்தை வழியில் விராஜுரி, தாய் வழியில் கமிலராய் மக்கள். தந்தை மர அறுவை ஆலைகளில் வேலை தேடி ஊர் ஊராகப் போனவர். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கூடவே மாறியது. கிராண்ட் பிறந்தபோது நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் பழங்குடிகள் சேர்த்தியில்லை. அந்த அரசியலமைப்புப் பிரிவை நீக்க 1967 மே 27 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது.

குடும்பம் கான்பெராவுக்கு வந்த பிறகு, பழங்குடி ஆய்வு நிறுவனத்தில் தபால் பிரிக்கும், நகலெடுக்கும் வேலையில் இருந்தார் இளைஞர் கிராண்ட். பல்கலைக்கழகத்துக்குப் போ என்று அவரைத் தள்ளிவிட்டவர் மானிடவியலாளர் மார்சியா லாங்டன். பிறகு வானொலியில் பயிற்சி நிருபர், அரசு ஒலிபரப்பான ஏபிசியில் அரசியல் நிருபர். 1992இல் செவன் நெட்வொர்க்கின் 'ரியல் லைஃப்' நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளரானார். வணிகத் தொலைக்காட்சியின் முக்கிய நேர நடப்புச் செய்தி நிகழ்ச்சிக்குப் பழங்குடி ஒருவர் தொகுப்பாளராக அமர்ந்தது அதுவே முதல்முறை. 2001 முதல் பத்தாண்டுக்கு மேல் சிஎன்என்: ஹாங்காங், பெய்ஜிங், ஈராக், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான்.

வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் அவர் வெறும் செய்தியாளர். நாடு திரும்பியதும் 'பழங்குடிச் செய்தியாளர்' ஆகிவிட்டார். ஆடம் கூட்ஸ் என்ற பழங்குடிக் கால்பந்து வீரரை அரங்கு அரங்காகக் கூட்டம் ஊளையிட்டு விரட்டிய காலம் அது. 2015 அக்டோபரில் சிட்னியில் நடந்த ஒரு விவாத மேடையில், ஆஸ்திரேலியக் கனவை இனவெறி அரிக்கிறது என்ற பக்கத்தில் நின்று கிராண்ட் பேசினார். அடுத்த ஜனவரியில் அந்த உரை இணையத்தில் பரவி நாடெங்கும் பேச்சானது. 2022இல் ஏபிசியின் பெயர்பெற்ற நேரடி விவாத நிகழ்ச்சியான 'கியூ அண்ட் ஏ' அவர் கைக்கு வந்தது. அதற்கு மேல் ஏற ஏணி இல்லை.

2023 மே 6 அன்று மன்னர் சார்லஸுக்கு முடிசூட்டு விழா. ஏபிசியின் நேரலைக்கு முன்னோட்டமான விவாதத்துக்கு கிராண்டை அழைத்தது ஏபிசியே. முடியாட்சி தம் மக்களுக்கு என்ன பொருள் தருகிறது என்று அவர் பேசினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. சமூக ஊடகத்தில் அவர்மீதும் குடும்பத்தின்மீதும் இன வசை கொட்டியது. சில பத்திரிகைகளும் சேர்ந்து தாக்கின. அழைத்த நிறுவனத்தின் மேலாளர்களில் ஒருவரும் வெளிப்படையாகத் தம் பக்கம் நிற்கவில்லை என்று எழுதிவிட்டு, நிகழ்ச்சியிலிருந்து விலகினார். அதற்குப் பிறகுதான் நிர்வாகத்தின் மன்னிப்பு வந்தது. மே 22 அன்று கடைசி நிகழ்ச்சி. வசை மட்டும் காரணமல்ல, ஊடகமே மனிதர்களை மோதவிட்டுப் பிழைக்கிறது, நானும் அதில் ஒரு பங்காகிவிட்டேன் என்ற பொருளில் அவர் பேசியதைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, பழங்குடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஆலோசனைக் குரல் தரும் திட்டத்தைப் பொதுவாக்கெடுப்பில் ஆஸ்திரேலியர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

ஒருவருடைய மனவேதனை என்று இதை ஒதுக்க முடியாது. அவர் விலகலுக்குப் பிறகு ஏபிசி அமர்த்திய ஆய்வுக் குழு 2024 அக்டோபரில் அறிக்கை தந்தது. பேசிய 120 பணியாளர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் இனவெறியை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாற்காலி தந்தவர்கள் நாற்காலி போட்ட தரையை மாற்றவில்லை.

இந்தக் கதைக்குள் இன்னொரு கதை உண்டு. கிராண்டின் தந்தை பெயரும் ஸ்டான் கிராண்ட். சொந்த மொழியில் பேசியதற்காகத் தன் தாத்தா சிறைப்பட்டதைச் சிறுவயதில் கண்டவர். பேச ஆளில்லாமல் அவிந்துகொண்டிருந்த விராஜுரி மொழிக்கு மொழியியலாளர் ஜான் ரட்டரோடு சேர்ந்து அகராதி தொகுத்தார். இன்று சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தில் அந்த மொழியைப் படித்துச் சான்றிதழ் வாங்கலாம். மகன் உலகம் முழுக்க அறிந்த முகம். தந்தையை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் மகனின் நாற்காலியை இரண்டு வாரத்து வசை காலிசெய்துவிட்டது. தந்தை மீட்ட மொழியை அப்படி யாரும் காலிசெய்ய முடியாது.

நிலையம் யாருடையது

இந்த வேறுபாட்டை வேறு சில சமூகங்கள் முன்பே உணர்ந்திருந்தன. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1980இல் ஃபிரீடா கிளின் முதலானோர் பழங்குடி ஊடகச் சங்கம் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் வழியாக நகரத்துத் தொலைக்காட்சி தங்கள் குடியிருப்புகளுக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும், அந்த உரிமத்துக்கே போட்டியிட்டு வென்றார்கள். 1988 ஜனவரியில் இம்பார்ஜா தொலைக்காட்சி தொடங்கியது. அரெர்ன்டே மொழியில் காலடித் தடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

கனடாவில் 1999 செப்டம்பர் 1 அன்று நாடு தழுவிய பழங்குடித் தொலைக்காட்சியான ஏபிடிஎன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் உயிர்நாடி ஒரு சட்ட ஏற்பாடு. நாட்டின் எல்லாக் கேபிள் நிறுவனங்களும் அதைக் கட்டாயம் காட்ட வேண்டும். ஒவ்வொரு சந்தாதாரர் கட்டணத்திலிருந்தும் தொடக்கத்தில் மாதம் 15 சென்ட் அதற்குப் போனது. விளம்பரதாரர் முகம் பார்க்காமல் செய்தி அறை நடத்த அந்தச் சில்லறை போதுமானதாக இருந்தது. நியூசிலாந்தில் 2004 மார்ச்சில் மாவோரி தொலைக்காட்சி வந்தது. 2021 டிசம்பரில் தாடையில் பாரம்பரியப் பச்சையோடு ஒரீனி கைபாரா முக்கிய நேரச் செய்தி வாசித்ததை உலகம் வியந்து பார்த்தது. மாவோரி மொழியிலேயே செய்தி வாசிக்கத் தனி அறையும் தனி நிலையமும் பல ஆண்டுகளாக இருந்ததால்தான் அந்த முகம் பொதுத் திரைக்கு வந்தது என்பதை வியந்தவர்கள் அவ்வளவாகப் பேசவில்லை.

இங்கே ஒரு முரண். 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபையில் தொல்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் வாக்குக்கு வந்தது. சொந்த மொழியில் சொந்த ஊடகம் அமைக்கும் உரிமையும் அதில் உண்டு. எதிர்த்து வாக்களித்தவை நான்கே நாடுகள்: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. இந்தியா ஆதரித்தது. எதிர்த்தவற்றில் மூன்று நாடுகளில் அன்றே பழங்குடித் தொலைக்காட்சி நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆதரித்த நம்மிடம் அப்படி ஒரு தேசிய நிலையம் இன்றும் இல்லை. 1975–76இல் சைட் திட்டத்தின் வழியாக ஒடிசா உட்பட ஆறு மாநிலங்களின் 2400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி கொண்டுபோனோம். உலகமே பார்த்த சோதனை அது. அரை நூற்றாண்டாகியும் அந்தப் பாதை பெரும்பாலும் ஒருவழிப் பாதைதான்: மேலிருந்து கீழே.

கேபிள் கட்டணத்தில் ஒரு பங்கு

தமிழ்நாட்டில் இதற்கு வழியே இல்லையா? வழி இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். அரசு கேபிள் நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் எழுபது ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்து வீடுவீடாக நுழைந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கி, அரசே ஒரு நிலையம் நடத்த முடியும் என்றும் காட்டியது. கம்பியும் இருக்கிறது, நிலையம் நடத்திய அனுபவமும் இருக்கிறது. கனடா ஒதுக்கிய பதினைந்து சென்ட்டைப் போல ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் சில பைசாவைத் தனி நிதியாக்கினால், பளியர், காணிக்காரர், இருளர், தோடர், கோத்தர், குறும்பர், மலையாளி மக்களிலிருந்து மாவட்டத்துக்கு இரண்டு பேரையாவது மாதச் சம்பள நிருபர்களாக அமர்த்தலாம். ஸ்ட்ரிங்கராக அல்ல, சம்பளத்துக்கு. மலையேறும் பெட்ரோல் கணக்கு அப்போதுதான் தீரும்.

வானொலி இந்த வழியில் முன்னே போயிருக்கிறது. வயநாட்டில் 2009 முதல் ரேடியோ மாட்டொலி பழங்குடி மொழிகளில் நிகழ்ச்சி தருகிறது. நீலகிரியில் ரேடியோ கோத்தகிரி என்ற சமுதாய வானொலி மலைமக்களின் மொழிகளில் பேசுகிறது. வானொலியில் பழகிய குரல் திரைக்கு வர நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

ஆனால் நிருபரை அமர்த்துவதோடு நின்றால் ஸ்டான் கிராண்டின் கதையே இங்கும் நடக்கும். எது செய்தி என்று முடிவுசெய்யும் மேசையில் அவர்களில் ஒருவர் உட்கார வேண்டும். தாக்குதல் வரும்போது நிறுவனம் முதல் நாளே முன்னால் நிற்க வேண்டும். தந்தேவாடாவில் நடந்தது போல வழக்கு வந்தால் வாதாட நிதி வேண்டும். இவை மூன்றும் இல்லாமல் ஒரு முகத்தை மட்டும் திரையில் வைப்பது நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்குத்தான் அழகு.

காவற்பறையன் கதையில் ஒரு விஷயத்தை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். காட்டுக் காவலாளி ஒருவர் சொன்ன சொல்லை நம்பிப் பாண்டியன் கிளம்பி வந்தான் என்றுதான் புராணம் சொல்கிறது. வேறு ஆளை அனுப்பி உறுதி செய்துகொண்டதாகவோ விஷுவல் கேட்டதாகவோ சொல்லவில்லை. வந்து பார்த்தவன் கோவிலுக்குத் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டான், சொன்னவர் பெயரை விட்டுவிட்டான். அவன் பாதி சரியாகச் செய்தான். தலையணையில் ஒரு பளியர் சொல்லும் செய்தியை, வேறு யாரும் வழிமொழியாமல், அவர் பெயரோடும் அவர் மொழியோடும் சங்கரன்கோவில் வீட்டுத் திரைகள் கேட்கும் நாளில் மறுபாதியும் நிறையும்.